ரெண்டு கையெழுத்து, ஒண்ணுதான் நின்னுச்சு: இஸ்ரேல் அரபு சமாதானத்துக்கு எந்த வழி?

1993 செப்டம்பர் 13, வெள்ளை மாளிகை புல்வெளில இஸ்ரேல் பிரதமர் ராபினும் பாலஸ்தீன தலைவர் அராஃபத்தும் கை குலுக்கினத எங்க வீட்டு சின்ன டிவில பாத்தது இன்னும் கண்ணுலயே நிக்குது. நடுவுல அமெரிக்க அதிபர் கிளின்டன் ரெண்டு கையையும் விரிச்சுகிட்டு நிக்கறார், அராஃபத் முதல்ல கை நீட்டறார், ராபின் ஒரு நிமிஷம் தயங்கிட்டு அப்பறம்தான் புடிக்கறார். அப்பா சாப்பாட்டு தட்ட கீழ வெச்சுட்டு "அப்பாடா, ஒரு வழியா முடிஞ்சுது"ன்னார். முடியல. அதே வெள்ளை மாளிகைல அதுக்கு 14 வருஷம் முன்னாடி, 1979 மார்ச் 26ல, எகிப்து அதிபர் அன்வர் சதாத்தும் இஸ்ரேல் பிரதமர் மெனாகெம் பெகினும் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, அத பத்தி நம்ம ஊர்ல யாரும் பெருசா பேசறதே இல்ல, ஆனா அதுதான் இன்னிக்கு வரைக்கும் நிக்குது. 1948, 56, 67, 73ன்னு நாலு பெரிய போர், இடையில சூயஸ் கால்வாய் ஓரமா வருஷக்கணக்குல பீரங்கி சண்டை வேற, அப்படி அடிச்சுகிட்ட ரெண்டு நாடு 79க்கு அப்பறம் ஒரு தடவ கூட போருக்கு போகல.

ஏன் ஒண்ணு நின்னுச்சு, ஏன் ஒண்ணு உடைஞ்சுது? இந்த கேள்விய கைல வெச்சுகிட்டுதான் இப்ப பேசப்படற எல்லா வழியையும் பாக்கப் போறேன், ரெண்டு நாடு, ஒரே நாடு, கூட்டாட்சி மாதிரி ஒண்ணு, பாலஸ்தீனத்த விட்டுட்டு மத்த அரபு நாடுகளோட மட்டும் கை கோக்கறது, ஒண்ணும் பண்ணாம அடக்கி வெச்சுக்கறது, எல்லாம். யார் பக்கம் நியாயம்ங்கற வாக்குவாதத்துக்கு நான் வரல. எனக்கு அதுல கருத்து இல்லாம இல்ல. ஆனா அந்த வாக்குவாதம் நடந்துகிட்டே இருக்கு, புள்ளைங்க செத்துகிட்டே இருக்காங்க. எது நிக்கும்ங்கறதுதான் இங்க என் கவலை.

முதல்ல எகிப்து. 67 போர்ல இஸ்ரேல் எகிப்தோட சினாய் பாலைவனம் முழுசையும் புடிச்சுது, சுமாரா 60,000 சதுர கிலோமீட்டர், இஸ்ரேலோட அப்போதைய பரப்பு மாதிரி மூணு மடங்கு. அதுல எண்ணெய் கிணறு இருந்துச்சு, விமானதளம் இருந்துச்சு, யமீத்னு ஒரு குடியேற்ற ஊரே கட்டிட்டாங்க. சமாதானம் இல்லாம ஷார்ம் எல் ஷேக் (சினாயோட தென்முனை ஊர்) கைல இருக்கறது, ஷார்ம் எல் ஷேக் இல்லாம சமாதானம் இருக்கறத விட மேல்னு இஸ்ரேல் பாதுகாப்பு அமைச்சரா இருந்த மோஷே தயான் சொல்லியிருந்தார். அதே தயான்தான் 78ல வெளியுறவு அமைச்சரா கேம்ப் டேவிட்ல (அமெரிக்க அதிபரோட ஓய்வு இல்லம்) உக்காந்து சினாய திருப்பிக் குடுக்கற பேச்சுல இருந்தார். நடுவுல 73 போர் நடந்துச்சு, ரெண்டாயிரத்துக்கும் மேல இஸ்ரேல் வீரர்கள், எகிப்து பக்கம் அத விட பல மடங்கு, செத்துப் போனாங்க. அதுக்கப்பறம்தான் புத்தி தெளிஞ்சுது. மனுஷங்களுக்கு இவ்ளோ விலை குடுத்தாத்தான் புரியுமாங்கற வேதனை இத படிக்கும்போதெல்லாம் எனக்கு வரும்.

கேம்ப் டேவிட் பேச்சு 13 நாள். கடைசி நாள் பெகின் கெளம்பறேன்னு மூட்டை கட்டிட்டார், ஜெருசலேம் பத்தின ஒரு கடிதத்துல தகராறு. பெகின் தன் பேரப்புள்ளைங்களுக்காக மூணு தலைவரும் இருக்கற போட்டோல கையெழுத்து கேட்டிருந்தார், அமெரிக்க அதிபர் கார்ட்டர் சும்மா கையெழுத்து மட்டும் போடாம ஒவ்வொரு போட்டோலயும் ஒவ்வொரு பேரப்புள்ளயோட பேரையும் எழுதி எடுத்துட்டு பெகின் தங்கியிருந்த குடிலுக்கு நேரா போனார். பெகின் ஒவ்வொண்ணா பேர வாய் விட்டு படிக்க படிக்க கண்ணு கலங்கிருச்சு. அப்பறம் உக்காந்து பேசினாங்க, அன்னிக்கே முடிஞ்சுது. இத கார்ட்டரே பின்னாடி எழுதியிருக்கார்.

ஆனா போட்டோ மட்டும் சமாதானம் ஆகாது, எழுதின காகிதத்துல என்ன இருந்துச்சுங்கறதுதான் விஷயம். சினாய் முழுசும் எகிப்துக்கு திரும்பணும், எல்லை எங்கன்னு கோடு இருக்கு, எந்த தேதிக்குள்ள எந்த பகுதிய காலி பண்ணணும்னு அட்டவணை இருக்கு, கடைசி தேதி 1982 ஏப்ரல் 25. சினாய ஏ, பி, சின்னு பிரிச்சு எந்த மண்டலத்துல எவ்ளோ எகிப்து படை இருக்கலாம்னு கணக்கு, இஸ்ரேல் பக்கமும் டின்னு ஒரு மெல்லிய பட்டைல படைக்கு வரம்பு. மேற்பார்வைக்கு ஐநா படை வரமுடியாத நிலைமை, சோவியத் எதிர்ப்பு, அதனால தனியா ஒரு பன்னாட்டு படைய உருவாக்கினாங்க, அது இன்னிக்கும் சினாய்ல இருக்கு. 81 அக்டோபர்ல சதாத்த சுட்டுக் கொன்னாங்க. இந்த ஒப்பந்தத்த உடைக்க அத விட பெரிய அடி இருக்க முடியாது. ஆனா ஆறு மாசம் கழிச்சு, சொன்ன தேதில, இஸ்ரேல் கடைசி பகுதியையும் காலி பண்ணுச்சு, யமீத்ல வீட்டு மாடி மேல ஏறி நின்ன சொந்த ஜனங்கள இஸ்ரேல் படையே கீழ இறக்கிட்டு போச்சு.

அப்பறம் தாபா. நம்ம ஊர்ல வரப்பு தகராறு பாத்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். எல்லாம் குடுத்தாச்சு, செங்கடல் ஓரமா சுமார் ஒரு சதுர கிலோமீட்டர் கடற்கரை, அதுல ஒரு ஹோட்டல், அது மட்டும் யாருதுன்னு தகராறு, ஏன்னா ஒட்டோமான் காலத்து எல்லைக்கல் எங்க நட்டிருந்துச்சுன்னு ரெண்டு பக்கமும் வேற வேற சொன்னாங்க. மொத்தம் 14 கல்லு மேல தகராறு, தாபாவுல இருந்தது 91ஆம் நம்பர் கல்லு. பழைய வரைபடம், பழைய போட்டோ எல்லாம் தோண்டி எடுத்து ஜெனீவால நடுவர் குழு முன்னாடி வெச்சாங்க. 88ல தீர்ப்பு எகிப்து பக்கம் வந்துச்சு, 89 மார்ச்ல இஸ்ரேல் குடுத்துட்டு போயிருச்சு. ஏழு வருஷம் இழுத்த தகராறுல ஒரு துப்பாக்கி சத்தம் கூட போர்னு சொல்ற அளவுக்கு கேக்கல, காரணம் தகராறு வந்தா எங்க போகணும்னு ஒப்பந்தத்துலயே எழுதியிருந்துச்சு.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். கேம்ப் டேவிட்ல முடிவானது ஒரு காகிதம் இல்ல, ரெண்டு. ஒண்ணு சினாய் பத்தினது, முடிவு தெளிவா எழுதினது. இன்னொண்ணு 67ல இஸ்ரேல் புடிச்ச மேற்குக் கரை, காசாவுல இருக்கற பாலஸ்தீனர்கள் பத்தினது, அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னா அஞ்சு வருஷத்துக்கு தன்னாட்சி மாதிரி ஒரு ஏற்பாடு, கடைசி முடிவ அப்பறம் பேசிக்கலாம்னு. அதே ஆளுங்க, அதே மேஜை, அதே நாள். முடிவு எழுதின காகிதம் நாற்பது வருஷத்துக்கு மேல நிக்குது, முடிவ தள்ளி வெச்ச காகிதம் நாலு வருஷத்துல யாருக்கும் ஞாபகம் இல்லாம போச்சு. 93ல ஓஸ்லோல (ராபின் அராஃபத் ஒப்பந்தத்துக்கு பேச்சு நடந்த நார்வே நகரம்) அந்த ரெண்டாவது காகிதத்தோட அச்சத்தான் மறுபடி எடுத்தாங்க. என் மொத்த வாதமும் இதுதான், எந்த வழிய எடுத்தாலும் முடிவ முதல்ல எழுதணும், படிப்படியா போறதெல்லாம் அதுக்கு அப்பறம்.

ஓஸ்லோ ஏன் உடைஞ்சுதுன்னு கேட்டா அந்த பக்கம் ஹமாஸ்னு ஒருத்தர் சொல்வாங்க, இந்த பக்கம் குடியேற்றம் (புடிச்ச நிலத்துல இஸ்ரேல் ஜனங்க ஊர் கட்டறது)னு இன்னொருத்தர் சொல்வாங்க, ரெண்டுமே உண்மை. எல்லை, ஜெருசலேம், அகதிகள், குடியேற்றம், எதையும் முடிவு பண்ணாம அஞ்சு வருஷ இடைக்கால ஏற்பாடு போட்டாங்க. அந்த அஞ்சு வருஷம் யாருக்கு லாபம்? உடைக்க நெனைக்கறவனுக்குத்தான். 94 பிப்ரவரில மேற்குக் கரை ஹெப்ரான்ல தொழுகைல இருந்த 29 பேர ஒரு யூத குடியேறி சுட்டுக் கொன்னான், அப்பறம் ஹமாஸ் பஸ்ல குண்டு வெச்சுது, 95 நவம்பர் 4 அன்னிக்கு ராபினையே ஒரு யூத இளைஞன் சுட்டான். ஒவ்வொரு சாவுக்கப்பறமும் ரெண்டு பக்கத்து ஜனமும் "இது எங்கதான் போய் முடியும்"னு கேட்டாங்க, பதில் சொல்ல காகிதத்துல எதுவும் இல்ல. 93ல மேற்குக் கரைல ஒரு லட்சத்து சொச்சம் குடியேறிகள், இன்னிக்கு கிழக்கு ஜெருசலேம சேக்காமயே அஞ்சு லட்சத்துக்கு மேல. பேசிகிட்டிருக்கற ரொட்டிய ஒருத்தர் பேச்சு நடக்கும்போதே பிச்சு தின்னுகிட்டிருந்தா எதிர்ல இருக்கறவன் எப்படி நம்புவான்? அதே மாதிரி, சமாதானம்னு சொல்லி பஸ் ஏறின புள்ள திரும்பி வரலைன்னா அந்த தாய் எப்படி நம்புவா?

ஜோர்டான் கதை எகிப்து கதையோட தம்பி. 1994 அக்டோபர் 26, அரபா பள்ளத்தாக்குல கையெழுத்து. எல்லைக்கோடு போட்டாச்சு, தண்ணி கணக்கு போட்டாச்சு, வருஷத்துக்கு 5 கோடி கன மீட்டர் ஜோர்டானுக்கு, இஸ்ரேல் விவசாயிங்க உழுதுகிட்டிருந்த ரெண்டு துண்டு நிலத்த ஜோர்டானோடதுன்னு ஒத்துகிட்டு 25 வருஷத்துக்கு அவங்க கைலயே விட்டாங்க. 2019ல ஜோர்டான் அத திருப்பி எடுத்துகிச்சு, இஸ்ரேல் வருத்தப்பட்டுச்சு, குடுத்துச்சு. அந்த துண்டு ஒண்ணுலதான், நஹராயிம்ங்கற இடத்துல, 97 மார்ச்ல சுற்றுலா வந்த இஸ்ரேல் பள்ளிக்கூட புள்ளைங்கள ஒரு ஜோர்டான் சிப்பாய் சுட்டான், ஏழு சிறுமிங்க. மூணு நாள் கழிச்சு மன்னர் ஹுசைன் எல்லை தாண்டி பெய்த் ஷெமேஷ் ஊருக்கு வந்து ஒவ்வொரு வீட்டுலயும் தரைல உக்காந்து துக்கம் காத்துகிட்டிருந்த அந்த பெத்தவங்க முன்னாடி மண்டி போட்டு மன்னிப்பு கேட்டார். அரபு உலகத்துல அத அவமானம்னு திட்டினவங்க உண்டு. எனக்கு அந்த போட்டோவ பாத்தா தொண்டை அடைக்கும்.

இந்த ரெண்டு சமாதானமும் குளிர்ந்து போன சமாதானம்னு குறை சொல்றவங்க நெறைய. உண்மைதான், கெய்ரோலயும் அம்மான்லயும் தெருவுல கேட்டா இஸ்ரேல் மேல பாசம்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அந்த கோவத்துக்கு பெரிய காரணம் பாலஸ்தீனம் தீராம கெடக்கறதுதான். ஆனா பாசம் இல்லாமயே எல்லை அமைதியா இருக்க முடியும்னு இது காட்டுது, அக்கம்பக்கத்துல பேச்சு வார்த்தை இல்லன்னாலும் வேலி பிரச்சனை தீந்துட்டா தூங்கலாம்.

கையெழுத்தே இல்லாம தானா வெளியேறற வழி ஒண்ணு இருந்துச்சு, அதையும் இஸ்ரேல் பாத்துருச்சு. 2000 மே மாசம் தெற்கு லெபனான்ல இருந்து, 2005ல ஏரியல் ஷரோன் காலத்துல காசால இருந்து. காசால 21 குடியேற்றத்தையும் காலி பண்ணாங்க, அழுது புரண்ட சொந்த ஜனங்கள தூக்கிகிட்டு போனாங்க, சின்ன விஷயம் இல்ல. ஆனா யாரோடயும் ஒப்பந்தம் போடல, பேசிதான் வாங்கணும்னு சொன்ன பாலஸ்தீன ஆணையத்துக்கு கைல காட்ட ஒண்ணும் கிடைக்கல, துப்பாக்கியாலதான் விரட்டினோம்னு ஹமாஸ் சொல்லிகிச்சு, 2006 தேர்தல்ல ஹமாஸ் ஜெயிச்சுது, 2007ல காசாவ முழுசா புடிச்சுது, அப்பறம் முற்றுகை, ராக்கெட், குண்டுவீச்சு. லெபனான்லயும் 2006ல போர். வெளியேறினது தப்புன்னு இஸ்ரேல்ல பல பேர் முடிவு பண்ணிட்டாங்க. எனக்கு தெரிஞ்சவரைக்கும் தப்பு வெளியேறினதுல இல்ல, வெறுங்காத்துகிட்ட சாவிய குடுத்துட்டு போனதுல.

அடுத்தது ஆபிரகாம் ஒப்பந்தம், 2020 செப்டம்பர் 15. அமீரகம், பஹ்ரைன், பின்னாடி மொராக்கோ, சூடான், இவங்க இஸ்ரேலோட உறவுக்கு ஒத்துகிட்டாங்க. இதுக்கு முன்னாடி வரைக்கும் அரபு நாடுகளோட பொதுவான நிலைப்பாடு பாலஸ்தீனம் தீந்தா உறவுன்னு, இது அந்த வரிசைய மாத்திப் போட்டுச்சு. இதுல நல்லது இருக்கு, மறுக்கல. துபாய்க்கு இஸ்ரேல் விமானம் வருது, வியாபாரம் நடக்குது, அமீரகம் சம்மதிச்சதுக்கு பதிலா மேற்குக் கரைய இணைக்கற திட்டத்த அப்போதைக்கு இஸ்ரேல் நிறுத்தி வெச்சுது, காசா போர் நடந்தப்பவும் அந்த நாடுகள் உறவ முறிச்சுக்கல. ஆனா இந்த நாடுகள் எதுவும் இஸ்ரேலோட எல்லைல சண்டை போட்டுகிட்டிருந்த நாடுகள் இல்லையே. பக்கத்து வீட்டுக்காரனோட தகராற வெச்சுகிட்டு நாலு தெரு தள்ளி இருக்கறவரோட சம்பந்தம் பேசின மாதிரி. 2023 செப்டம்பர் 22ல ஐநா சபைல இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு புதிய மத்திய கிழக்குன்னு ஒரு வரைபடத்த தூக்கி காட்டினார், அதுல பாலஸ்தீனம்னு ஒரு எடமே இல்ல. பதினஞ்சு நாள் கழிச்சு அக்டோபர் 7. ஹமாஸ் செஞ்ச அந்த படுகொலைக்கு வரைபடம் காரணம்னு நான் சொல்லவே மாட்டேன், 1,200 பேர் செத்தாங்க, 251 பேர பணயக்கைதியா இழுத்துட்டு போனாங்க, அதுக்கு எந்த நியாயமும் கெடையாது. ஆனா பாலஸ்தீனர்கள ஓரமா வெச்சுட்டு சமாதானம் வந்துரும்னு நெனச்சது தப்புக் கணக்குன்னு அன்னிக்கு தெரிஞ்சுது.

அடக்கி வெச்சுக்கறதுங்கற வழியும் அன்னிக்கே செத்துப் போச்சு. வேலி, கேமரா, வானத்துல ராக்கெட்ட தடுக்கற இரும்புக் கவசம், அப்பப்ப ஒரு சண்டை, நடுவுல அமைதி, இப்படியே ஓட்டிரலாம்னு பல வருஷம் நடந்துச்சு. அதுக்கப்பறம் காசால நடந்தது என்ன, கொல்லப்பட்டவங்க 60,000த்த தாண்டிட்டாங்கன்னு காசா சுகாதாரத் துறை கணக்கு சொல்லுது, அதுல ஆயிரக்கணக்குல சின்ன புள்ளைங்க, ஊர் ஊரா தரைமட்டம். இத பாத்து மனசு பதறாதவங்ககிட்ட எனக்கு பேச ஒண்ணும் இல்ல. 2025 அக்டோபர்ல ட்ரம்ப்போட 20 அம்ச திட்டத்துல போர்நிறுத்தம் வந்துச்சு, உயிரோட இருந்த பணயக்கைதிங்க வீடு திரும்பினாங்க, அந்த மட்டுல பெரிய நிம்மதி. ஆனா அந்த திட்டத்துல பாலஸ்தீன நாடு பத்தி என்ன இருக்குன்னு பாத்தா, சீர்திருத்தம் எல்லாம் நடந்தா அதுக்கான பாதைக்கு சூழ்நிலை அமையலாம்ங்கற மாதிரி ஒரு வாக்கியம். எல்லை இல்ல, தேதி இல்ல. ஓஸ்லோ வாசனை அடிக்குது, அதான் பயமா இருக்கு.

சரி, முடிவ முதல்ல எழுதணும்னா என்ன முடிவ எழுதறது? இங்கதான் ஒரே நாடா ரெண்டு நாடாங்கற கேள்வி. ஜோர்டான் ஆத்துக்கும் மத்தியதரைக் கடலுக்கும் நடுவுல இன்னிக்கு சுமார் 70 லட்சம் யூதர், சுமார் 70 லட்சம் அரபு ஜனம். எல்லாருக்கும் ஒரே ஓட்டு, ஒரே சட்டம், ஒரே நாடுன்னு சொல்றது கேக்க அவ்ளோ நல்லா இருக்கு, நியாயத்தோட தராசுல வெச்சா இதுதான் மேல நிக்கும், அத நான் மனசார ஒத்துக்கறேன். இஸ்ரேல் குடிமக்கள்லயே அஞ்சுல ஒருத்தர் அரபு, ஹைஃபா ஆஸ்பத்திரிங்கள்ல யூத டாக்டரும் அரபு டாக்டரும் ஒண்ணா ட்யூட்டி பாக்கறாங்க, அதனால சேந்து வாழவே முடியாதுங்கறது பொய். ஆனா ரெண்டு பக்கமும் நூறு வருஷமா கேக்கறது தன் கொடி, தன் நாடு. யூதர்களுக்கு ஐரோப்பால நடந்த இனப்படுகொலைக்கு அப்பறம் தன்னை காத்துக்க ஒரு நாடு இல்லாம இருக்கறதுங்கறது நெனச்சே பாக்க முடியாதது, பாலஸ்தீனர்களுக்கு 48 நக்பாவுல (அந்த பேரழிவுக்கு அவங்க வெச்ச பேர்) 7 லட்சம் பேர் வீடு இழந்ததுக்கு அப்பறம் இன்னொருத்தர் நாட்டுல சிறுபான்மையா உக்காருன்னு சொல்றதும் அதே மாதிரிதான். ரெண்டு பேரும் கேக்காத ஒண்ண முடிவா எழுதினா யார் கையெழுத்து போடுவா? இன்னொரு ஆபத்து, ஒரே நாடுன்னு சொல்லி நிலத்த மட்டும் இணைச்சுகிட்டு ஓட்டுரிமைய குடுக்காம விடறது, மேற்குக் கரைல இன்னிக்கு நடக்கறது கிட்டத்தட்ட அந்த பக்கம்தான் போகுது, அது நாடு இல்ல, சிறை.

ரெண்டு நாடுங்கறதுக்கு வரைபடம் ஏற்கனவே பல தடவ போட்டாச்சு, இது பல பேருக்கு தெரியாது. 2000 டிசம்பர்ல கிளின்டன் சொன்னது மேற்குக் கரைல 94ல இருந்து 96 சதவீதம் பாலஸ்தீனத்துக்கு, அப்பறம் தாபாலயே 2001 ஜனவரில பேசினாங்க, 2003ல இஸ்ரேல் பக்கத்துல யோசி பெய்லினும் பாலஸ்தீன பக்கத்துல யாசர் அபேத் ரப்போவும் ஜெனீவா திட்டம்னு முழு ஒப்பந்தத்தையே எழுதி காட்டினாங்க, 2008ல இஸ்ரேல் பிரதமர் ஓல்மெர்ட் பாலஸ்தீன அதிபர் அப்பாஸ்கிட்ட ஒரு வரைபடத்த காட்டினார், குடியேற்ற பகுதி ஆறு சதவீதம் மாதிரி இஸ்ரேலுக்கு, அதுக்கு ஈடா இஸ்ரேல் நிலம் பாலஸ்தீனத்துக்கு. ஓல்மெர்ட் வரைபடத்த கைல குடுக்க மாட்டேன்னுட்டார், அப்பாஸ் அத ஒரு தாள்ல கையால வரைஞ்சு எடுத்துட்டு போனார். ஊழல் வழக்குல ஓல்மெர்ட் பதவி விலகற நேரம், எல்லாம் அப்படியே நின்னு போச்சு. ஆக வித்தியாசம் சில சதவீதம்தான், ஆனா அந்த சில சதவீதத்துக்குள்ள ஜெருசலேம் பழைய நகரம் இருக்கு, அரியேல் மாதிரி உள்ள தள்ளி இருக்கற ஊர் இருக்கு.

பாதுகாப்பு பயம் நெஜமானது, அத அலட்சியப்படுத்தறவங்க பேச்ச நான் எடுத்துக்கறதில்ல. நெதன்யா ஊர் பக்கம் பழைய எல்லைக்கும் கடலுக்கும் சுமார் 15 கிலோமீட்டர்தான், மேற்குக் கரை மலை மேல நின்னா பென் குரியன் விமான நிலையம் கண்ணுக்கு தெரியும். சினாய்ல நடுவுல 200 கிலோமீட்டர் பாலைவனம் இருந்துச்சு, இங்க நடுவுல ஒரு ரோடு. அதனால எகிப்து மாதிரி அப்படியே காப்பி அடிக்க முடியாது, படை இல்லாத பாலஸ்தீனம், ஜோர்டான் பள்ளத்தாக்குல வருஷக்கணக்குல வெளிநாட்டு படை, இதெல்லாம் எழுதித்தான் ஆகணும். 2024 ஜூலைல இஸ்ரேல் நாடாளுமன்றம் பாலஸ்தீன நாடே கூடாதுன்னு 68க்கு 9ன்னு ஓட்டு போட்டுச்சு, அந்த பயத்தோட அளவு அது.

இப்ப அந்த அஞ்சு லட்சம் குடியேறிகள் என்ன ஆவாங்க? காசால எட்டாயிரம் சொச்சம் பேர நகத்தவே நாடு ரெண்டு பட்டுச்சு. இங்கதான் கூட்டாட்சி மாதிரியான யோசனை எனக்கு புடிச்சிருக்கு, 'எல்லாருக்குமான நிலம்'னு அர்த்தம் வர்ற பேர்ல இப்ப இருக்கற, இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் சேந்து 2012லயே ஆரம்பிச்ச ஒரு இயக்கம் இத சொல்லிகிட்டிருக்கு. ரெண்டு நாடு, ரெண்டு கொடி, ரெண்டு நாடாளுமன்றம், ஆனா குடியுரிமை வேற, குடியிருக்கறது வேற. பிரெஞ்சுக்காரர் ஜெர்மனில வீடு எடுத்து இருந்துகிட்டு பிரான்ஸ் தேர்தல்ல ஓட்டு போடறார் இல்லையா, அது மாதிரி. ஹெப்ரான விட்டு போக மனசில்லாத யூதர் பாலஸ்தீன சட்டத்துக்கு உட்பட்டு இருக்கலாம், இஸ்ரேலுக்குள்ள இருக்கற யாஃபா தன் தாத்தா ஊர்னு சொல்ற பாலஸ்தீனர் ஒரு எண்ணிக்கைக்குள்ள வந்து வாழலாம், ஓட்டு அவங்கவங்க நாட்டுல. இத மொதல் நாளே கதவ தெறந்து விட்டா ரத்தம் கொட்டும், அதுல சந்தேகமே வேணாம். ஆனா ரெண்டு நாடுங்கற முடிவ எழுதிட்டு, எல்லை அமைதியா இருக்கற வருஷங்கள கணக்கு வெச்சு கொஞ்சம் கொஞ்சமா தெறக்கலாம்.

இத தாங்கி புடிக்க பெரிய கூரை ஒண்ணு 2002லயே போட்டு வெச்சிருக்காங்க. பெய்ரூட்ல அரபு லீக்ங்கற அரபு நாடுகள் கூட்டமைப்போட மாநாடு, சவூதி இளவரசர் அப்துல்லா கொண்டு வந்த திட்டம், 67 எல்லைக்கு திரும்பினா, பாலஸ்தீன நாடு வந்தா, அகதிகளுக்கு ரெண்டு பக்கமும் ஒத்துகிட்ட தீர்வு வந்தா, எல்லா அரபு நாடும் இஸ்ரேலோட முழு உறவு. 67ல கார்ட்டூம்ல சமாதானம் இல்ல, அங்கீகாரம் இல்ல, பேச்சு இல்லன்னு சொன்ன அதே அரபு உலகம். அந்த மாநாடு நடந்த அன்னிக்கு சாயங்காலம், மார்ச் 27, யூதர்களோட பாஸ்கா பண்டிகை விருந்துல உக்காந்திருந்தவங்க நடுவுல நெதன்யாவுல ஒரு ஹோட்டல்ல ஹமாஸ் ஆள் குண்டோட வெடிச்சான், 30 பேர் செத்தாங்க. செய்தித்தாள்ல பெய்ரூட் எங்கயோ உள்பக்கம் போயிருச்சு. 2013ல சின்ன அளவு நில மாற்றத்துக்கும் அரபு லீக் தரப்பு சம்மதம் சொல்லுச்சு, இஸ்ரேல் அரசு இன்னிக்கு வரைக்கும் அத முறைப்படி ஏத்துகிட்டதில்ல. சவூதி இன்னிக்கும் பாலஸ்தீன நாட்டுக்கு உறுதியான பாதை இல்லாம உறவு இல்லன்னு சொல்லுது, அதனால இந்த கூரை இன்னும் ஓடு பிரியல.

ஆக என் வரிசை இது: அரபு லீக் கூரைக்கு கீழ ரெண்டு நாடு, எல்லைக்கோடும் கடைசி தேதியும் முதல் பக்கத்துலயே, தகராறு வந்தா தாபா மாதிரி நடுவர், நடுவுல எவன் குண்டு வெச்சாலும் அட்டவணைய நிறுத்த மாட்டோம்னு ரெண்டு தலைவரும் முன்கூட்டியே சொல்றது, அப்பறம் மெல்ல மெல்ல கூட்டாட்சி பக்கம். ஆபிரகாம் ஒப்பந்தத்த தூக்கிப் போட வேணாம், அத இதுக்குள்ள சேத்துக்கலாம். சிரியா, லெபனான் எல்லை இதுக்கு காத்திருக்க வேண்டியதில்ல. 2022ல லெபனானும் இஸ்ரேலும் கடல் எல்லைய பிரிச்சுகிட்டாங்க, ஒருத்தர ஒருத்தர் அங்கீகரிக்காமயே, கோடு தெளிவா இருந்ததால அடுத்து வந்த போர்லயும் அந்த ஒப்பந்தம் உடையல.

இதுக்கெல்லாம் ஆள் எங்கன்னு கேப்பீங்க. விவியன் சில்வர்னு ஒரு அம்மா, கனடால பொறந்து காசா வேலிக்கு பக்கத்துல பெயேரி கிப்புட்ஸ்ல (கூட்டுப் பண்ணை கிராமம்) வாழ்ந்தவங்க, காசாவுல இருந்து வர்ற நோயாளிகள தன் கார்ல இஸ்ரேல் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போவாங்க. 2023 அக்டோபர் 4, இஸ்ரேல் பாலஸ்தீன பெண்கள் ஆயிரக்கணக்குல ஜெருசலேம்லயும் சாக்கடல் ஓரமும் சமாதானம் கேட்டு கூடினப்ப அத நடத்தினவங்கள்ல அவங்களும் ஒருத்தர். மூணு நாள் கழிச்சு ஹமாஸ் தாக்குதல்ல அவங்கள வீட்டுலயே கொன்னுட்டாங்க, பல வாரம் பணயக்கைதின்னு நெனச்சுகிட்டிருந்து அப்பறம்தான் தெரிஞ்சுது. அவங்க மகன் அம்மா விட்ட வேலைய எடுத்துகிட்டு இன்னிக்கும் சமாதானத்துக்குத்தான் பேசறார்.

ஷார்ஜால நான் அஞ்சு வருஷம் கணக்கு வேலை பாத்தப்ப பக்கத்து மேஜைல காசா குடும்பத்துக்காரர் ஒருத்தர் இருந்தார், பொறந்தது குவைத்துல, 91ல அங்கிருந்து குடும்பமே வெளியேற வேண்டி வந்துச்சு. கைல இருந்தது எகிப்து குடுத்த பயண ஆவணம், பாஸ்போர்ட் மாதிரியே இருக்கும், ஆனா அத வெச்சுகிட்டு எகிப்துக்குள்ளயே விசா இல்லாம போக முடியாது. நான் லீவுக்கு திருச்சி கெளம்பும்போதெல்லாம் என் பாஸ்போர்ட்ட வாங்கி ஒரு தடவ பொரட்டி பாத்துட்டு குடுப்பார். அண்ணே, ஊருக்கு திரும்பறது கெடக்கட்டும், நான் செத்தா என்னை எந்த நாட்டுக்காரன்னு எழுதுவாங்கன்னு தெரியணும்னு ஒரு நாள் சொன்னார். அப்பறம் கனடா போய் வருஷங்கள் கழிச்சு குடியுரிமை வாங்கினார், முதல் வேலையா கெய்ரோக்கு டிக்கெட் போட்டார், தங்கச்சிய பாக்க. ஏர்போர்ட்ல இருந்து போன் பண்ணார். "என்னை தனியா உக்கார வெக்கல, வரிசைல நின்னேன், முத்திரை குத்தினான், ரெண்டு நிமிஷம்"னார்.